நிழல் பக்கம் ஒரு வீடு

இந்த ஊருக்கு வந்த முதல் கிழமை, பேக்கரிக்காரி ஒவ்வொரு காலையும், "எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள்?" என்று என்னைக் கேட்டாள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சிற்றூர் இது. பாண் வாங்க வரும் புதுமுகம் எல்லாம் இங்கே சுற்றுலாப் பயணிதான். "திரும்பவில்லை, இருக்க வீடு தேடுகிறோம்" என்றேன். விடுமுறை விடுதிகளின் பட்டியலை எடுத்து நீட்டினாள்.

டோர்ட்மண்டில் பல வருடம் இருந்த எங்களை இங்கே கொண்டுவந்தது, முதியோர் இல்லமொன்றில் எனக்குக் கிடைத்த தாதி வேலை. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் கணவர் வேலைக்குப் போவதில்லை. பகல் முழுக்க வீட்டில் தனியே இருக்கப் போகிறவர் அவர்தான். யோசித்துப் பார்த்தால், இருக்கும் இடத்தை நாங்களே தெரிவுசெய்வது இதுதான் முதல் தடவை. போரில் இடம்பெயர்ந்தபோது, இடம் இருந்த பள்ளிக்கூடத்தில் படுத்தோம். ஜெர்மனிக்கு வந்ததும் அகதிகளுக்கான ஹைம் என்ற விடுதி. பிறகு சமூகநல அலுவலகம் காட்டிய வீடு. யாழ்ப்பாணத்தில் என் அப்பா வீடு வளவு பார்க்கப் போனால் முதலில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்ப்பார். இங்கே எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஆற்றின் வடகரையில் ஒரு வீடு பார்த்தோம். பல்கனி நிறைய வெயில், எதிரே பனிமலை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. பின்னேரம் மீண்டும் போய்ப் பார்த்தபோது அந்த வரிசையில் ஒரு யன்னலிலும் வெளிச்சமில்லை. எல்லாம் விடுமுறை வீடுகள்.

"நீர் வேலைக்குப் போனா நான் இஞ்சை ஆரோடை கதைக்கிறது?" என்றார் அவர்.

தென்கரை வீடு மலையின் காலடியில் இருந்தது. வாசலில் சைக்கிள்கள், கொடியில் உடுப்புகள், யாரோ வெங்காயம் வதக்கும் வாசம். கீழ்வீட்டு அம்மா ஃபிராவ் ஹூபர் எங்களை மறித்து, "நவம்பரில் ஸொன்னே போய்விடும். பெப்ரவரியில்தான் வரும்" என்று எச்சரித்தார். முனையில் 'ஸொன்னே' என்று ஓர் உணவகம் இருந்தது. "பரவாயில்லை, நாங்கள் வீட்டில்தான் சமைப்போம்" என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

அந்த வீட்டுக்கே குடிவந்தோம். நவம்பரில் ஒரு நாளும், மத்தியானத்தில்கூட, வீட்டுக்குள் வெயில் வரவில்லை. ஃபிராவ் ஹூபர் 'ஸொன்னே' என்றது உணவகத்தை அல்ல, சூரியனை! அது மலைக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. வடகரை வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"இஞ்சேருங்கோ, அங்கையே போவமே?" என்று கணவரைக் கேட்டேன்.

"வெயிலோடை இருந்து நான் கதைக்க ஏலுமோ?" என்றபடி அவர் சப்பாத்தைப் போட்டார். கீழே ஃபிராவ் ஹூபர் காத்திருந்தார். இருவரும் மெல்ல நடந்து, பாலம் கடந்து, வெயில் காயப் போனார்கள். குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனார்கள்.

பெப்ரவரியில் சூரியன் திரும்பிய மத்தியானம், தெருவே கதிரைகளோடு வெளியே வந்துவிட்டது. இவர் யாழ்ப்பாணத்திலுள்ள தங்கைக்கு வீடியோ அழைப்பில் காட்டினார்.

"அண்ணை, வெயிலைப் பாக்கவோ இவ்வளவு சனம்?" என்று அவள் சிரித்தாள்.

அங்கே பின்னேர வெக்கை. பேசப் பேச அவள் மாமர நிழலுக்குள் நகர்ந்துகொண்டிருந்தாள். இவரோ கையில் அவளைப் பிடித்தபடி, கதிரையை வெயிலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.