அமைச்சர் கடிக்காத கரும்பு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் ஒரு கரும்பு டிராக்டர் அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. எங்கள் காரில் இந்தோனேசிய அமைச்சர் ஒருவர். பொருளாதாரப் பேராசிரியராக இருந்து அமைச்சரானவர். நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். சட்டைப்பையில் இன்னமும் ஒரு சாக்பீஸ் வைத்திருந்தார். அதை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

இறங்கிப் பார்க்கப் போன என்னிடம், காரில் இருப்பவர் யாரென்று விசாரித்துவிட்டு டிராக்டர்காரர் ஒரு கரும்பை ஒடித்துக் கொடுத்தார். "அவுங்க ஊர்ல கரும்பு என்னா வெல போவுதுன்னு கேளுங்க சார்."

காருக்குத் திரும்பிக் கேட்டேன்.

"வகுப்பாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். இப்போது வாய் திறந்தால் எங்கள் நாட்டில் சர்க்கரை விலை ஏறிவிடும்" என்றார்.

கரும்புக்குக் கை நீட்டினார். முன்சீட்டுப் பாதுகாப்பு அதிகாரி கூடாதென்று தலையாட்டினார். கை மடிக்கே திரும்பிவிட்டது.

"நீங்களாவது கடித்துச் சொல்லுங்கள், எப்படி இருக்கிறது?"

கடித்தேன். சாறு மோவாயில் வழிய, "சுமார்தான்" என்றேன்.