லோகாம்பாள் போகச் சொன்ன வேட்டை

தியாகேசன் சிதம்பரத்தில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். முட்டைகூடத் தொட்டதில்லை. ஆனால் நவம்பர் பிறந்தால் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். மான்ட்ரியாலில் அணைக்கட்டுகளுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் எஞ்சினியர். பக்கத்து மேசைக்காரன் மர்செல் 1966இல் ஒருமுறை துணைக்கு அழைத்துப்போனான். காட்டில் பகல் முழுவதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று. மறு வருஷமே துப்பாக்கி வாங்கிவிட்டார். அதற்குப் பின் சுட்டது இரண்டே மான்கள். இறைச்சி மர்செல் வீட்டுக்குப் போயிற்று.

மனைவி லோகாம்பாளுக்கு மனசு ஆறவில்லை. "வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டு வந்து எப்படிங்க விபூதி பூசறீங்க?" என்று வருஷாவருஷம் கேட்பாள். அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். இருந்தும் அக்டோபர் பாதியில் தாளிப்பை நிறுத்துபவள் அவள்தான். பெருங்காய வாசனை உடுப்பில் ஏறினால் மான் கிட்டேயே வராது என்று மர்செல் சொல்லியிருந்தான். கம்பளிச் சட்டையைச் சோப்பில்லாமல் அலசி, அஹுன்ட்சிக் பகுதியிலிருந்த வீட்டின் பின்பக்க பால்கனியில் ஒரு வாரம் காற்றாடப் போடுவாள். இந்த வருஷம் இவர் போகக் கூடாது, பிள்ளையாரே என்று வேண்டிக்கொண்டேதான் போடுவாள்.

1976 ஏப்ரலில் அவருடைய வலக்கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா இருந்தால் தெரியாது. எதையாவது தூக்கிப் பிடித்தால் நடுங்கும். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு நரம்பு டாக்டர் மாத்திரை எழுதினார். அதில் கேட்கவில்லை. வேறு மாத்திரை எழுதினார். அதிலும் கேட்கவில்லை. இதற்குமேல் தன்னால் ஆகக்கூடியது அதிகமில்லை என்றார்.

அந்த அக்டோபரிலும் தாளிப்பு நின்றது. கையைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை.

சீசனுக்கு முன்னால் துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்க வேண்டும். லவால் ஊரைத் தாண்டி, யாரும் வேலை செய்யாத ஒரு சரளைக்கல் குழிக்கு மர்செல் காரில் அழைத்துப்போவான். அந்தச் சனிக்கிழமை லோகாம்பாளும் பின் ஸீட்டில் ஏறிக்கொண்டாள்.

எண்பது அடிகள் நடந்துபோய் மர்செல் ஓர் அட்டையை நட்டுவிட்டு வந்தான். தியாகேசன் ஐந்து முறை சுட்டார். அட்டையில் ஒரு துளைகூட இல்லை.

"குறி எங்கேயாவது இடிபட்டுக் கோணிப்போயிருக்கும்," என்றான் மர்செல் ஆங்கிலத்தில். திருகாணியைத் தளர்த்தி எதையோ திருப்பினான். அவர் மறுபடி மூன்று முறை சுட்டார். அட்டை அப்படியே இருந்தது.

"இங்கே கொடு, நான் பார்க்கிறேன்," என்று மர்செல் வாங்கிச் சுட்டான். நடுவட்டத்தை ஒட்டி மூன்று துளைகள் விழுந்தன. அப்புறம்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

தியாகேசன் மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியில் போடப் போனார். அவை சரளைக்கல்லில் சிதறின. லோகாம்பாள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அதற்கு முன் அவள் தோட்டாவைத் தொட்டதே இல்லை.

வீட்டு வாசலில் மர்செல் சொன்னான்: "நீ சும்மா வா, தியா. கூடாரத்தில் காபி போட ஆள் வேண்டும்."

"பார்க்கலாம்," என்றார் தியாகேசன்.

மறுநாள் காலை அவள் பால்கனிச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள்.

"பத்து வருஷமா போகாதீங்கன்னு சொன்னவ நீ."

"இப்ப போங்கன்னு சொல்றேன்."

"போய் என்ன பண்றது லோகா? ஒரு டம்ளர் தண்ணி சிந்தாம எடுக்க முடியல. அங்க நாலு பேர் துப்பாக்கியோட இருப்பாங்க. நான் அவங்களுக்குக் காபி ஊத்தறேன்னு கையச் சுட்டுக்கணுமா?"

இத்தனை வருஷமாகத் தான் வேண்டிக்கொண்டது இப்படியா நடக்க வேண்டும் என்று நினைத்தாள். அன்றிலிருந்து பிள்ளையார் முன் நின்றால் என்ன கேட்பதென்று தெரியாமல் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வந்தாள்.

அவர் போகவில்லை. சீசனின் இரண்டாம் நாள் மதியம், காட்டோரத்துப் பெட்ரோல் பங்கிலிருந்து மர்செல் போன் செய்தான். தியாகேசன் ரிசீவரை எடுத்தார். அது காதில் நிற்கவில்லை, கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

"பனி விழுந்ததா? காற்று எந்தப் பக்கமிருந்து?" என்று அவர் கேட்டார். ஓடைப் பக்கத்துத் தடங்கள் புதியவையா பழையவையா என்று கேட்டார். கேள்விகள் முடியவில்லை. கை கடுத்தபோது லோகாம்பாள் ரிசீவரை மறு கைக்கு மாற்றி, அவர் காதோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள்.