சீரில் போன கியர் சைக்கிள்

சின்னச் சக்கரச் சைக்கிள் அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது எனக்காகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. குறுக்குக் கம்பி கிடையாது, சேலையோடு ஏறலாம். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே மூன்று கியர். கைப்பிடியில் இருக்கும் லீவரைத் தட்டினால் மாறும்.

அப்போது நாங்கள் கடலோர ஊரான மண்டபத்தில் குடியிருந்தோம். என் அலுவலகம் மேற்கே ஆறு கிலோமீட்டர். ஆடி மாதத்து எதிர்க்காற்றில் சாதாரண சைக்கிள் நகராது. நான் முதல் கியரைப் போட்டு நிதானமாக மிதித்துப் பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுவிடுவேன். பஸ்ஸை நம்பினால் பத்தரை ஆகும், பதிவேட்டில் சிவப்பு மை விழும். மூன்று சிவப்புக்கு அரை நாள் விடுப்பு போய்விடும்.

என் கணவருக்கு அது சர்க்கஸ் வண்டி. "கரடி ஓட்டுற வண்டியில ஆபீஸ் போறா பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

உப்புக் காற்று லீவரை அரித்தது. இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மிதி சும்மா சுற்றும். ஒரு நாள் அப்படிச் சுற்றியதில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். சைக்கிள் கடைக்காரர் ஹப்பைப் பிரித்து, போட் எஞ்சினுக்குப் போடும் கிரீஸை அள்ளி அடைத்தார். "உப்புக் காத்துல்ல தாயி. இனி பத்து வருசத்துக்குத் தொட வேணாம்" என்றார். மறுநாளே ஒரு கியரும் பிடிக்கவில்லை. உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பற்கள் அந்தக் கிரீஸில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். தெரிந்தவர் கையில் புது மாதிரி லீவரும் கேபிளும் கொடுத்தனுப்பினார். இந்த ஹப்புக்குக் கிரீஸே ஆகாது, மெல்லிய எண்ணெய்தான் என்று எழுதியிருந்தார். மண்ணெண்ணெய் விட்டு விட்டுக் கழுவினேன். தையல் மெஷின் எண்ணெய் போட்டேன். கேபிளை ஒரு திருகு இறுக்குவேன், தெருக்கோடி வரை ஓட்டிப் பார்ப்பேன், மறுபடி அரைத் திருகு தளர்த்துவேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது. கடைசியில் கட்டைவிரலால் தள்ளியதும் டக்கென்று கியர் விழுந்தபோது நடுரோட்டில் தனியாகச் சிரித்தேன்.

கணவரும் ஏறி ஒரு சுற்று வந்தார். "அட, நெசமாவே மாறுதே! கெட்டிக்காரிதான்" என்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றுதான். நானும் பூரித்துப்போனேன், மடச்சி.

அடுத்த மாதம் கமுதிப் பக்கத்தில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளைக்கு ஒரு வயது. தாய்மாமன் சீரில் என்ன வைப்பது என்று யோசித்தவருக்கு என் சைக்கிள்தான் கண்ணில் பட்டது.

"தட்டும் சேலையும் எல்லாப் பயலும் வைப்பான். கியர் சைக்கிள் எவன் வச்சிருக்கான்?"

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் நடையே வரலைங்க. நான் ஆபீஸுக்கு எதுல போறது?"

"ஏன், பஸ்ஸு ஓடலையா?"

அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தேன். மாமன் கௌரவத்துக்கு முன்னால் எதுவும் எடுபடவில்லை. சீர் ஊர்வலத்தில் கைப்பிடியில் பலூன் கட்டி, அதைத் தள்ளிக்கொண்டு போனதும் நான்தான். "தாய்மாமன் சீர், ஃபாரின் கியர் சைக்கிள் ஒண்ணு!" என்று மைக்கில் அவர் பேரைச் சேர்த்துச் சொன்னார்கள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

ஆடி பிறந்தது. அதற்குள் எனக்கு ஐந்து சிவப்பு. நாத்தனார் வீட்டுக்குப் போனபோது சைக்கிள் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் சாக்குப் போர்த்தி நின்றது. டயரில் காற்றில்லை. யாரும் ஏறவே இல்லை. காற்றுக் காலம் முடியும் வரைக்கும் மட்டும் தரச் சொல்லி வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"வச்ச சீரைத் திருப்பிக் கேட்டா எங்க அண்ணனுக்குத்தான் அசிங்கம், மதினி" என்றாள்.

என் கணவரும் பக்கத்தில்தான் இருந்தார். மறுவாரம் எனக்கு மாதாந்தர பஸ் பாஸ் வாங்கி வந்து, அக்கம்பக்கத்தார் எல்லார் முன்னாலும் கையில் கொடுத்தார். "இப்ப சந்தோசம்தானே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார். சந்தோஷம் என்று சொன்னேன். சைக்கிளைக் கொடுத்ததைக்கூட என்றைக்காவது மறந்திருப்பேன். என் வாயால் அதைச் சொல்ல வைத்த மனிதரை இன்றுவரை மன்னிக்கவில்லை.