போஞ்சிப் பந்தலுக்கு அடியில்

கங்காணியையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற சவரியம்மாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம், நாத்தனார் மார்ஜரியின் அண்டா.

எழுபத்தேழு கலவரத்தில் இரத்தோட்டை தேயிலைத் தோட்டத்து லயத்தைவிட்டு எல்லோரும் கோயிலுக்கு ஓடியபோது, கடைசியாக ஓடியவள் இவள்தான். மார்ஜரியின் பித்தளை அண்டா வாசலில் கிடந்தது. 'எவனாவது தூக்கிருவானே' என்று அதைத் தன் போஞ்சிக்கொடிப் பந்தலுக்கு அடியில் புதைத்தாள். நல்ல மனசுதான். ஆனால் திரும்பி வந்து வாயைத் திறப்பதற்குள், அண்டாவை எடுத்த கை அழுகிப்போக வேண்டுமென்று மார்ஜரி அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தியே ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் யாருக்கு நாக்கு எழும்?

மூன்று வருஷம் கழித்து வந்து சேர்ந்தார் ஆறுமுகநாதன், யாழ்ப்பாணத்து அதிகாரி. பள்ளத்தில் மணலும் களியும் எவ்வளவு ஆழத்துக்குப் படிந்திருக்கிறது என்று தோண்டாமலே பார்த்துக் கிணற்றுக்கு இடம் குறிப்பது அவர் வேலை. இரண்டு கம்பி வளையங்கள். ஒன்றில் மின்சாரம் விட்டால் மண்ணுக்குள் இருப்பது பதில் சொல்லும்; மற்றது கேட்கும். கேட்கிற வளையத்தைத் தூக்கக் கூலிக்குப் போனவள் நம்ம சவரியம்மா.

"மண்ணுக்குள்ள பித்தளை கெடந்தா என்னங்க ஆகும், ஐயா?"

"அதுதான் எல்லாத்தையும்விடச் சத்தமாச் சொல்லும், அக்கா."

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் அளக்கிற கோடு பந்தலுக்கு நேரே வந்தது. காலில் முள் என்றாள், அட்டை என்றாள், வளையத்தோடு தண்ணீர் ஓடும் கானுக்குள்ளேயே இறங்கினாள்.

"நேராப் போங்கோ அக்கா!"

"நேராத்தாங்க போறேன். பூமிதான் கோணலா இருக்கு."

அவர் விடுவாரா? தானே வளையத்தை வாங்கிப் பந்தலடியில் வைத்தார். மீட்டர் முள் எகிறியது.

"இஞ்ச ஏதோ உலோகம் கிடக்கு. எடுத்தாத்தான் அளவு சரிவரும். தோண்டுங்கோ."

லயமே கூடிவிட்டது, முன்னால் மார்ஜரி. மண்வெட்டி 'டங்' என்றது. இனி மறைத்து என்ன? சவரியம்மா ஓடிப்போய் மார்ஜரியின் கையைப் பிடித்தாள்.

"ஒன் அண்டாதான்டி. காப்பாத்தத்தான் பொதைச்சேன். நீ மெழுகுவத்தி ஏத்துனதும் பயந்துட்டேன். கை அழுகுனா அழுகட்டும், என்கூட பேசாம மட்டும் இருந்துறாத!"

மார்ஜரி வளையத்தையே பார்த்தாள். பிறகு காதோடு சொன்னாள்:

"மதினி, அந்த வளையத்த எங்க வீட்டுப் பக்கம் கொண்டுவராதீங்க. கலவரத்தன்னைக்கு ஒங்க பன்னீர்ச் செம்ப எங்க கொய்யா மரத்தடியில பொதைச்சது நான்தான். செம்ப எடுத்தவ நாசமாப் போகணும்னு நீங்க மண்ண வாரித் தூத்துனதப் பாத்து, நானும் வாயத் தொறக்கல."

சவரியம்மா அழுகையை நிறுத்தினாள். முந்தானையை இடுப்பில் செருகி, வளையத்தைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"ஐயா, அடுத்த கோட்டக் கொய்யா மரத்துக்கு நேரா போடுங்க!"