தகரச் சுவர்ப் பக்கம்

செவ்வந்தியக்காவுக்கு வலது காது போய் ஒரு வருஷமாகிறது. காய்ச்சலில் போனது. இடது காது நன்றாகவே கேட்கும். கேட்டு என்ன பிரயோசனம், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. எல்லாமே இடப்பக்கத்துச் சத்தம்தான் அவருக்கு. திசை பிடிபட இரண்டு காதும் வேண்டும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் பட்டுத் தெரிந்துகொண்டார்.

அவிநாசிப் பக்கம் ஒரு தறிக்குடோனில் பதினெட்டு வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறவர். போன மாதம் பாவு நூல் உருளை ஏற்றிய தள்ளுவண்டி வலப்பக்கமிருந்து வந்தது. ஒதுங்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். சத்தம் இடப்பக்கம் என்று நினைத்து அக்காவும் வலப்பக்கம் ஒதுங்கினார், நேராக வண்டியின் மேலேயே. கால்விரல் இரண்டு நசுங்கிவிட்டன. முதலாளி லட்சுமணசாமி கெட்டவரில்லை. இனி உள்ளே விடப் பயமாயிருக்கிறது என்றார். அக்காவுக்கோ வேறு வேலை தெரியாது.

அடுத்த வீட்டுக்காரி நான் சும்மா இருந்திருக்கலாம். கோவையில் ஒரு கல்லூரி லேபில், நான்கு சின்ன மைக் பதித்த பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். சத்தம் எந்த மைக்கை முதலில் எட்டியது என்று கணக்கிட்டு, அது வந்த பக்கம் விளக்கு எரியும். லேபில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்த மிதப்பில் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் முதலாளியிடம் கெஞ்சி ஒரு சோதனைக்குச் சம்மதிக்க வைத்தார்.

நேற்றுக் காலை அக்காவின் மார்பில் பெட்டியைக் கட்டிவிட்டேன். சுற்றிலும் தறிகள் இரைந்துகொண்டிருந்தன. முதலாளி சத்தமில்லாமல் வலப்பக்கம் போய், ஒரு தறிக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கி அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

அக்கா இடப்பக்கம் திரும்பினார். அங்கே தகரச் சுவர்தான் இருந்தது. குனிந்து பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இடப்பக்க விளக்குத்தான் எரிந்திருந்தது. குரலைத் தறி மறைத்திருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலியைத்தான் பெட்டி பிடித்திருக்கிறது. இந்தக் குடோனில் ஒரு நாளாவது வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே.

அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு.

"என்ற காதும் உன்ற பொட்டியும் ஒரே பக்கந்தான் காட்டுது, பாத்தியா கண்ணு? அப்ப எனக்குச் சரியாயிருச்சா?"

அவருக்குப் பின்னால், வலப்பக்கம், லட்சுமணசாமி தூக்கிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.