இரண்டு விரல் இடைவெளி

மைசூரில் மூன்று மாடிக் கட்டடம். கொள்ளேகாலில் இருபது தறி ஓடுகிற கூடம். சதுப்பு நிலம், அஸ்திவாரமே நிற்காது என்று இன்ஜினியர் கைவிரித்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். முப்பது வருஷமாக நிற்கிறது, விரிசல் இல்லை. எல்லாம் நாலாம் வகுப்பு தாண்டாத இந்தக் கை எழுப்பினவை. எல்லாவற்றின் வாசலிலும் என் பெயர் பொறித்த கல் உண்டு. ஆனால் நான் செய்ததிலேயே நுணுக்கமான ஒரு காரியத்துக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அதை ஒன்பது வயதில் செய்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பேத்தி திருத்துவாள்.

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மைசூரில், மகாராஜா சர்க்கார் உத்தியோகம். எங்கள் கொள்ளேகால் அப்போது கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. ஆற்றைத் தாண்டி மகாராஜா சீமையில் பெண் கொடுப்பதென்றால் அப்பாவுக்குப் பெருமையும் பயமும் சரிபாதி. மாப்பிள்ளை அழைப்பன்று பெண்ணின் அண்ணன், அதாவது அப்பா, சபையில் எல்லாரும் பார்க்க, மாப்பிள்ளை கையில் தங்கக் கைக்கடிகாரம் கட்ட வேண்டும் என்று பேச்சு. அதுவரை மாப்பிள்ளை அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது. உயிரோடிருப்பவர் உடம்பில் நூல் வைத்து அளவெடுப்பதும் எங்கள் வீட்டில் ஆகாது. எங்களுக்கு ஜவுளி வியாபாரம். மாப்பிள்ளையின் பெரியம்மா போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்: "துணி அளக்கற கை மணிக்கட்டை எப்படி அளக்குதுன்னு பாக்கலாம்."

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சபையில் கடிகாரம் தொளதொளவென்று தொங்கினால் அத்தை அந்த வீட்டில் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும்.

அப்போதுதான் என் பெயர் அடிபட்டது. நிச்சயம் முடிந்து இரண்டு வீட்டாரும் மேல்கோட்டைக் கோயிலுக்குப் போனபோது, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு மலைப்படி ஏறினவன் நான்தான். இவனுக்கு அளவு தெரியும் என்று மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சொல்லிவிட்டார். உள்ளதைச் சொன்னால் நான் பிடித்தது மாப்பிள்ளையின் ஒற்றை விரலைத்தான். அதையும் குளத்துப் படியில் கூட்டம் நெருக்கியபோது விட்டுவிட்டேன். புளியோதரை விற்கிற இடத்தில் தொன்னையை நக்கிக்கொண்டிருந்த என்னை, வெகுநேரம் கழித்து அத்தையும் அவரும் தேடிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் முகமெல்லாம் வேர்வை. பாவம், எனக்காக இவ்வளவு அலைந்தார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

இதைச் சொல்ல வெட்கப்பட்டு நின்றவனை அத்தை கொல்லைப்புறத்து அம்மிக்கு அழைத்துப்போனாள். குழவியைக் கையில் எடுத்தாள். நடுவில் பருத்து நுனியில் ஒடுங்குகிற குழவி. கண்ணை மூடிக்கொண்டு நடுவிலிருந்து நுனியை நோக்கி மெல்லக் கையை நகர்த்தினாள். ஓரிடத்தில் நின்றாள். கொஞ்சம் பின்னால் போனாள். மறுபடி நின்றாள்.

"இங்க புடி கண்ணு."

பிடித்தேன். என் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

"இதுதான் அளவு. நீயே புடிச்சுப் பாத்தேன்னு சொல்லோணும். நாஞ் சொன்னேன்னு மூச்சு விடப்படாது."

புகழை முழுக்க எனக்கே விட்டுக்கொடுக்கிறாளே என்று அத்தைமேல் பாசம் பொங்கியது.

அப்பா, மாமாவோடு மைசூரில் கடிகாரக் கடைக்குள் கால் வைத்ததை என்னவென்று சொல்ல! கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நீல வெல்வெட், அதன்மேல் வரிசையாகத் தங்கம். நூறு கடிகாரம் ஒரே நேரத்தில் ஓடுகிற சத்தம், ஆயிரம் பட்டுப்புழு தழை தின்கிற சத்தம் மாதிரி. எனக்கு மூச்சே மெல்ல வந்தது. கடைக்காரர் மைசூர்த் தமிழர், வெள்ளைக் கோட்டுக்காரர். அப்பா கும்பிட்டதும் அவரும் கும்பிட்டார். அப்பா விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தார்.

"வாருல எங்க வேணும்னாலும் ஓட்டை போட்டுக்கலாம். கடிகாரக் கூட்டைச் சுருக்க முடியாது. அந்தக் கையைப் போலவே ஒரு கை வேணுமே, மரி." மரி என்றால் கன்னடத்தில் குட்டி.

கை தேட ஆரம்பித்தோம். மாமா கையைப் பிடித்தேன். நாலு விரல் போகும், அவ்வளவு சதை. அப்பாவுடையது எலும்பு, ஒரு விரல்கூட இல்லை. கடைக்காரர் கை, கடைச் சிப்பந்தி கை எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் எங்களைக் கொண்டுவந்து இறக்கிய ஜட்கா வண்டிக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கையில் என் விரல்கள் சுற்றி வந்து நின்ற இடத்தில் சரியாக இரண்டு விரல் இடைவெளி. கொள்ளு வாசனை அடிக்கிற அந்தக் கையைக் கடைக்காரர் பூத்துண்டால் துடைத்து, வெல்வெட் மெத்தைமேல் வைத்தார். வண்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தசராவில் யானைமேல் உட்கார்ந்திருப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியே அவர் குதிரை கனைத்தது. அவர் திரும்பவில்லை.

அப்பா பெரிய வட்டக் கடிகாரத்தைக் காட்டினார். பணம் போட்டது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. அதை வைத்ததும், வார் கோக்கிற காதுகள் இரண்டும் மணிக்கட்டின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. "தட்டைக் கவுத்து வச்சாப்ல இருக்குதுங்க" என்றார் மாமா. மாமா எடுத்தது அகலச் சதுரம். கடைக்காரர் ஒரு சீட்டுக் காகிதத்தை அதன் அடியில் விட்டார். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. தட்டையான முதுகு உருண்டையான எலும்பில் உட்காராது என்றார். தவில் மாதிரி நடுவில் பருத்த ஒன்று. அது உட்கார்ந்தது, ஆனால் கையை மடக்கினால் புறங்கையில் இடித்தது. கடைசியாக நீளமாய், ஒடுக்கமாய், உள்பக்கம் லேசாக வளைந்த ஒன்றை வைத்தார். காகிதம் நுழையவில்லை. கடிகாரம் அந்தக் கையிலேயே முளைத்தது போல இருந்தது. வண்டிக்காரர் கன்னடத்தில், பாரமே தெரியவில்லையே சாமி என்று மெல்லச் சொன்னார்.

"சிறுசா இருக்குதே, கஞ்சத்தனம்னு சொல்லிப்புடுவாங்களா?" என்றார் அப்பா.

கடிகாரத்தின் முதுகில் மாப்பிள்ளை பெயரின் எழுத்துகளை வெட்டிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பார்த்தது அப்பாவை அல்ல, என்னை.

"உறுதிதானே, மரி?"

குழவியை நினைத்துக்கொண்டேன். "உறுதிங்க" என்றேன்.

மாப்பிள்ளை அழைப்பன்று அப்பா கடிகாரத்தைக் கட்டினார். கட்டி முடித்துக் கையை எடுத்தார். ஒரு நூல் பிசகவில்லை. மாப்பிள்ளை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

பெரியம்மா அருகில் வந்து பார்த்தார். "அளவெடுக்காம இப்படிக் கச்சிதமா எப்படி அமையும்? யார் சொன்ன அளவு?"

மாமா மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாம் தன் கண் அளவுதான் என்றார். பெரியம்மா நம்பவில்லை. அவர் பார்வை மாமாவை விட்டு நகர்ந்து, பெண்கள் பக்கம், தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அத்தைமேல் போய் நின்றது. என் புகழ் என் கண் முன்னாலேயே கைமாறப் போகிறது என்று எனக்குப் பதைத்துவிட்டது. ஓடிப்போய் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாந்தானுங்க! மேல்கோட்டையில புடிச்சுப் பாத்தேன். ரெண்டு விரல்!"

இடைவெளியைக் காட்டினேன். சபை சிரித்தது. பெரியம்மாவும் சிரித்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். மாப்பிள்ளை என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்; அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் காதுக்குக் கேட்டது. அத்தை அன்று என் இலையில் வைத்த மைசூர்பாகு எத்தனை என்று எண்ணக்கூட இல்லை, தின்றேன். வென்றவனுக்கு மரியாதை என்று நினைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி முதல் மாதத்தில், ஒருநாள் என் மனைவி பேச்சுவாக்கில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்போதுதான் அந்தக் குழவி, அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்த அத்தையின் கை ஞாபகம் வந்தது. மேல்கோட்டைக் குளத்துப் படியும் வந்தது.

அத்தையும் இல்லை, அத்தை புருஷரும் இல்லை. விசேஷங்களில் இன்றைக்கும் அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், மாமாவின் கண் அளவு என்றே சொல்கிறார்கள். அது பொய். இனி திருத்திச் சொல்லுங்கள். அந்த அளவு என் கை அளவு. யார் சொன்ன அளவு என்று எவராவது துருவினாலும் இதே பதில்தான்: மேல்கோட்டையில் பிடித்தது நான், நான் மட்டும்தான்.