ஐந்தருவியில் கொரிந்துக்காரர்கள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும் இரட்சிப்பைப் பற்றிய சண்டை ஆரம்பமாகும். சண்டை போடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார், பரம்பரைக் கிறிஸ்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது பாதிரி ஐயர் நெற்றியில் தெளித்த தண்ணீரே ஆயுளுக்கும் போதும் என்கிற கட்சி. இன்னொருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. செங்கோட்டைப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, மோதிரம், சினிமா, வெற்றிலை எல்லாவற்றையும் விட்டவர். அப்பாவோடு வாதாடுவதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

அம்மாவும் மாமாவும் சிவகிரியில் திருநீறு பூசுகிற குடும்பத்தில் பிறந்தவர்கள். அம்மா கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தாள். அக்கா வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த மாமா, அக்காவையும் தாண்டிப் போய்விட்டார். அவர்களுடைய அப்பா, அதாவது என் தாத்தா, எங்கேயும் போகவில்லை. கிறிஸ்துமஸ் அன்று நெற்றி நிறையத் திருநீறோடு வந்து எங்கள் கோயிலில் முன்பெஞ்சில் உட்காருவார். எல்லோரும் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். பிறகு பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். மாமா அவரை முழுக்கு எடுக்க எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். “அடுத்த மாசம் பாப்பம்லே” என்று சொல்லியே தாத்தா காலத்தை ஓட்டினார். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம், பங்குனியில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் எனக்கும் ஒரு பதவி உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் எடுக்கும் போட்டி வைப்பார்கள். அதிகாரத்தைச் சொன்னதும் வேதப் புத்தகத்தைப் புரட்டி, முதலில் கண்டுபிடிக்கிறவர் எழுந்து வாசிக்க வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு வசனத்தைச் சொல்ல, நான் நடுவில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பேன். எனக்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான். யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் மட்டும் கண்ணாக இருப்பேன்.

“நீங்க இரட்சிக்கப்பட்ட நாளு எது? அதச் சொல்லுங்க அத்தான்” என்று மாமா தொடங்குவார்.

அப்பா பாடம் நடத்துவார். முதல் சீஷர்களுக்கு அப்படி ஆளுக்கொரு நாள் இருந்ததில்லை. இரட்சிப்பு என்றால் எகிப்திலிருந்து வெளியேறியதைப்போல ஒரு ஜனமே சேர்ந்து விடுதலையாவது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அவர்கள் எதிர்பார்த்தபடி உலகம் சீக்கிரம் முடியாமல் போனபிறகுதான், அதற்குள் செத்தவர்கள் கதி என்ன என்று யோசிக்க ஆரம்பித்தார்கள் என்பார். “ஆண்டவரு நம்மள மீட்கத் தன் உசிரையே விலையாக் குடுத்தாருன்னு சொல்லுதிய மாப்ளே. யாருக்குக் குடுத்தாரு? பிசாசுக்குத்தான்னு பழைய போதகர்கள் சிலபேரு எழுதியிருக்காங்க. அது மீன் மாதிரி வந்து கவ்விச்சாம், உள்ள தூண்டில் முள்ளு இருந்துச்சாம்” என்பார். மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று முனகுவார். அம்மா அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஒருநாளும் இதில் வாயைத் திறந்ததில்லை. மாமா வரத் தாமதமானால் தெருமுனைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவரும் அப்பாதான். அந்த இரண்டு பேரைப்போல ஒருவரையொருவர் விரும்பிச் சண்டை போட்டவர்களை நான் பிறகு பார்க்கவே இல்லை.

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. ஒரு லீவு நாளில் நாங்கள் நான்கு பேரும் ஐந்தருவிக்குப் போனோம். பைகளுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்பதால் ஆண்கள் இருவரும் முதலில் குளித்துவிட்டு வந்தார்கள். மாமா தலையைத் துவட்டி, தேய்த்து மடித்த வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டார். சபையில் சேர்ந்தபிறகு அவருக்கு வேறு நிறம் கிடையாது. சூடாக மிளகாய் பஜ்ஜி வந்தது. பஜ்ஜியோடு சண்டையும் வந்தது.

“இவ்வளவு தண்ணி கொட்டுது. இன்னைக்காவது முழுகி எந்திரிங்க அத்தான். தெளிச்சதெல்லாம் கணக்குல வராது” என்று மாமா சீண்டினார்.

அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா கேட்டாள். “ஏன் தம்பி, முழுகாமலே செத்துப்போனவங்க?”

மாமாவின் கை பஜ்ஜியோடு நின்றுவிட்டது. “வேதத்துல உள்ளதத்தானக்கா நான் சொல்லுதேன்” என்றார்.

“என்ன உள்ளது? அதத்தான் கேக்குதேன்.”

மாமா திரும்பி, அந்தப் பக்கமாக வந்த கூடைக்காரியிடம் கிழங்கு என்ன விலை என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, “ஏட்டி, கொரிந்து முதல் நிருபத்துல பதினஞ்சாம் அதிகாரம் எடு. நடுவுல பாரு” என்றார்.

மாமாவின் ஜிப் போட்ட வேதப் புத்தகத்தை வாங்கிக் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துவிட்டேன். அருவி இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி கத்தி வாசித்தேன். கொரிந்து ஊரில் சிலர், இறந்துபோனவர்களுக்காகத் தாங்கள் ஞானஸ்நானம் பெற்றார்களாம். அவர்களைச் சுட்டிக்காட்டி, அந்த ஊருக்குக் கடிதம் எழுதின பவுல் ஏதோ கேட்கிறார்.

“அது கொரிந்துக்காரங்க பண்ணுன தப்பு. பவுல் பண்ணச் சொல்லலையே” என்றார் மாமா.

“தப்புன்னா திட்டியிருப்பாரே. அந்த ஊர்க்காரங்கள மத்த எல்லாத்துக்கும் திட்டுதாரு. இதுக்கு மட்டும் திட்டல” என்றார் அப்பா.

“அப்பிடிச் செஞ்சா செல்லும்னு சொல்லுதியளா?”

“எனக்குத் தெரியல மாப்ளே. அவங்களுக்கும் செத்துப்போன அப்பா அம்மா இருந்திருக்காங்க. அதுமட்டும் தெரியுது.”

வழக்கமாக அப்பா இப்படித் ‘தெரியவில்லை’ என்று விட்டுக்கொடுக்க மாட்டார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வாட்டி, குளிக்கப் போவோம்.”

பெண்கள் பக்கம் சரியான கூட்டம். அம்மா எப்போதும் ஓரத்தில் தலையை நனைத்துக்கொண்டு வந்துவிடுகிறவள். அன்று முந்தானையை இடுப்பில் செருகி, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, தண்ணீர் அடித்து விழுகிற இடத்துக்கே போய்விட்டாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். சுற்றிலும் எல்லோரும் அலறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அவள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

“எங்க அப்பாவுக்கு, ஆண்டவரே. எங்க அப்பாவுக்கு.”

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எனக்கு மூச்சு முட்டியது. “நீ போயி அப்பாகிட்டத் துண்டு வாங்கிக் கட்டிக்கோ, நான் வருதேன்” என்று அனுப்பிவிட்டாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இப்படி ஒரு செய்தி கையில் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இன்றைக்கே நடக்குமே! ஓடிப்போய், துண்டைக்கூட வாங்காமல், “மாமா, அம்மா கொரிந்துக்காரங்க மாதிரி பண்ணுதா! தாத்தாவுக்காகத் தண்ணிக்குள்ள நின்னு ஜெபம் பண்ணுதா!” என்று கத்தினேன்.

“ஏட்டி, சும்மா இரு” என்றார் அப்பா.

மாமா எழுந்தார். அக்காவைக் கண்டிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டைப்பையிலிருந்த பட்டன் போனை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். ஆண்கள் பக்கம் போய், எண்ணெய் பூசிய முதுகுகளுக்கு நடுவே, தேய்த்த சட்டை வேட்டியோடு அப்படியே அருவிக்குள் நுழைந்தார். போலீஸ்காரர் விசில் ஊதினார். யாரோ “அண்ணாச்சி, சட்டையக் கழத்துங்க” என்று கூவினார்கள். மாமா திரும்பவில்லை. அவருடைய சபையில் முழுக்கு எடுக்கிறவர்கள் வெள்ளை உடுப்போடுதான் தண்ணீரில் இறங்குவார்கள். அவர் இறங்கியதை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. மாமாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா மாமாவின் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் அம்மாவும் மாமாவும் ஒரே சீட்டில் நனைந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். நான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: மாமா தோற்றுவிட்டார், அதை வெட்கத்தில் வெளியே சொல்லவில்லை. வாதத்தில் ஒருவர் முழுசாகத் தோற்று நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்கு ஓடினேன். “நீங்கதாம்ப்பா ஜெயிச்சீங்க” என்று கை குலுக்கக் கையை நீட்டினேன். அப்பா கையை நீட்டவில்லை. மாமாவின் ஈர வேட்டியை உதறி, சுருக்கமில்லாமல் நீவி நீவி, கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்த மனிதர் எதற்காக இப்படி அழுதுகொண்டு துணி காயப்போடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.